எந்த முறுக்கில் விட வேண்டும்

படிவம் கேட்கிறது: எடை, உயரம், வயது,
பூட்ஸின் அடி நீளம் மில்லிமீட்டரில்.
கடைசியாக ஒன்று:
நீங்கள் பயந்தவரா, நடுத்தரமா, துணிந்தவரா.

எடைக்கு நாகலூர் போனேன்.
காப்பி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றேன்.
மேஸ்திரி டோமினிக் முள்ளைப் பார்த்துவிட்டு
"சாக்கு எடை கழிக்கணுமா?" என்றார்.
அறுபத்திரண்டு. பூட்ஸோடு அறுபத்தைந்து.
வயதில் பொய் எழுதவில்லை,
எழுதினால் எலும்புக்குத் தெரிந்துவிடும்.

பனியில் நான் நின்றது ஒரே ஒரு பிப்ரவரி,
வடக்கே, ஒன்பது நாள்.
மற்றபடி சக்கரம் வைத்த பலகைதான்.
விடிகாலை நாலரை, அடிவாரம் செக்போஸ்ட்,
முதல் பஸ்ஸுக்கு முன்னால் இருபது கொண்டை ஊசி.
விரல்நுனி மட்டும் கட்டில் மாட்டியிருக்க
குதிகால் எழும்பி எழும்பி விழும்.
ஒவ்வோர் எட்டும் ஒரு சின்ன விடுதலை என்று எழுதலாம்.
கெண்டைக்கால் ஒத்துக்கொள்ளாது.

எட்டாம் வளைவில் குரங்குகள் தூங்கும்.
பதினொன்றில் திரும்பினால்
கீழே வெள்ளைக்கல் குவியல்.
நிலா இருந்தால் அது பனி,
லாரி வந்து அள்ளும் வரைக்கும்.

இறங்குவது மட்டும் பஸ்ஸில்.
மடியில் குறுக்காகப் பலகை, அதற்கும் லக்கேஜ் டிக்கெட்.
இரண்டு மணிக்கு ஜங்ஷன் கவுன்டரில் உட்கார்ந்து
ஊருக்கெல்லாம் நான் டிக்கெட் கொடுப்பேன்.
ஏழு வருஷமாக ஏறுகிறேன்.
ஒரு தடவைகூட சக்கரத்தில் இறங்கியதில்லை.
இதைப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் போடுவது?

ஐந்து ரோட்டில் செல்வினுடைய பைக் பட்டறை.
போனில் மூன்று கட்டுகளின் படம்,
கிரீஸ் விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.
ஒன்று, இலேசு. முன்னால் ஒரு கம்பி, அவ்வளவே,
குதிகால் எப்போதும் காற்றில்.
சமவெளிக்கு ராசா, சரிவில் அநாதை.
அடுத்தது முன்னால் இரண்டு ஊசி,
பின்னால் திருப்பினால் பூட்டுகிற கோபுரம்.
ஏறும்போது விடும், இறங்கும்போது பிடிக்கும்,
விழும்போது மறுபடி விடும்.
மூன்றாவது கம்பிக்கயிறு. விலை பாதி.
"இது பாட்டுக்குக் கிடக்கும்க்கா, வம்பில்ல."

"விழுந்தா நிஜமா விட்டுடுமா?"
"நீ திருகுற நம்பருக்கு விடும்.
குறைச்சா தும்மினாலே கழண்டுக்கும்.
கூட்டினா முட்டிதான் போகும், இது போகாது."
டிஸ்க் பிரேக் பற்றிப் பேசுகிற குரலில்தான் சொன்னான்.
எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்தான்.
வந்துவிட்டுப் போனான்.

நடுவிலுள்ளதன் விலை என் இரண்டரை மாசச் சம்பளம்.

தீர்மானம் பட்டறையில் வரவில்லை.
வியாழக்கிழமை மழையில்
பதினாலாம் வளைவுக்கு மேல் சில்வர் ஓக் சாய்ந்து
பஸ் நின்றுபோனது.
பலகையைத் தோளில் போட்டு, ரப்பர் செருப்போடு,
வாழ்நாளில் முதல் தடவையாக
அந்த ரோட்டில் என் காலால் இறங்கினேன்.
குதிகால்தான் முதலில் தரையைத் தொடுகிறது.
ஒவ்வொரு எட்டுக்கும் அது முழு உடம்பையும் வாங்கி
முட்டியிடம் கொடுக்கிறது,
முட்டி இடுப்பிடம் புகார் சொல்கிறது.
ஏழு வருஷம் காற்றிலேயே வைத்திருந்த பாகம்.
ஆறாம் வளைவில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து
பர்ஸை எண்ணினேன், சொசைட்டி லோனை எண்ணினேன்.
ஒரு குரங்கு வந்து பூட்ஸைப் பார்த்தது.

படிவத்தில் 'நடுத்தரம்'.
முறுக்கு ஐந்தரை.

பார்சல் வர நாற்பது நாள்.
செல்வின் பலகையை வைஸில் கவ்வி
காகிதத்தை ஒட்டி, மூன்று முறை அளந்தான்.
"மரகதக்கா, ஓட்டை போட்டா போட்டதுதான்."
"அரை விரக்கடை பின்னால தள்ளு."
தள்ளினான்.
ட்ரில் இறங்க, பலகைக்குள்ளிருந்து
சுருள் சுருளாக மரம் வந்தது.
உள்ளே மரம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.
பட்டறைப் பையன் குனிந்து அதை ஊதினான்.
வெளியே முப்பத்தெட்டு டிகிரி,
யாரோ சர்பத்துக்கு ஐஸ் உடைக்கிற சத்தம்.