இ வரைக்கும்

வண்ணார்பேட்டையில் அந்தக் கடைக் கதவைத் தள்ளியதும்
குளிர் வந்து கையைப் பிடித்தது,
பின்னாலேயே ஒரு பையன்.
சட்டையில் குத்தியிருந்த பெயர் ஜெபக்கனி.
"வாங்கண்ணாச்சி. என்ன பட்ஜெட்ல பாக்கிய?"

நான் வாய் திறக்குமுன்
மூன்று போன்கள் கண்ணாடிமேல் மல்லாந்து கிடந்தன.
நூற்றெட்டு மெகாபிக்சல்,
நிலாவையே பக்கத்தில் இழுக்குமாம்.
வட்டி கிடையாது, ஆதார் போதும்,
ராத்திரி எட்டு மணியோடு ஆஃபர் முடிகிறது,
கடைசி இரண்டு பீஸ், அதிலும் நீலம் ஒன்றுதான்.
சொல்லச் சொல்ல அவன் கண்
கல்லாவில் இருப்பவர் பக்கம் போய்ப் போய் வந்தது.
தேதி முப்பது. எத்தனை விற்றிருப்பானோ.

"பேசினா கேக்குமா தம்பி?"
"ஸ்டீரியோ ஸ்பீக்கர். தியேட்டர் மாதிரி கேக்கும்."
"அதில்ல. மலையடியில நின்னு பேசினா?"

அவனுக்கு எப்படிச் சொல்ல.
நான் ஒயர்மேன். களக்காட்டுக்கு மேற்கே
வாழை முடிந்து பாறை தொடங்கும் இடம் வரை
என் கம்பங்கள்.
அங்கே சிக்னல், மந்தைக்கு வராத கிடாரி.
கூப்பிட்டால் நிற்கும்,
கிட்டே போனால் ஓடும்.

போன ஆனியில் காற்று வாழையைச் சாய்த்து
வாழை கம்பியைச் சாய்த்த சாயங்காலம்
ஏணியைச் சாத்திவிட்டு சப்ஸ்டேஷனுக்குப் போட்டேன்.
"லைன் ஆஃப்ல இருக்கா வே?"
பரமகுரு சொன்னான்:
"ஆஃப்ல இ"
அவ்வளவுதான். டவர் போய்விட்டது.

இருக்கு என்றாலும் இ.
இல்ல என்றாலும் இ.
நம் பாஷையில் உயிர் போகிற சேதியெல்லாம்
சொல்லின் வாலில்தான் இருக்கிறது.
கட்டிட்டேன், கட்டலை.
வந்துட்டான், வரலை.
தலையைக் கேட்டு வாலை ஊகிக்கலாம்தான்,
மேலே ஓடுவது பதினோராயிரம் வோல்ட்.

கம்பத்தடியில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
மோட்டார் ஓடலை, தண்ணி பாயலை என்று
தோப்புக்காரர் சத்தம் போட்டார்.
"ஏறாம என்ன வே, கம்பத்துக்குக் காவலா?"

இதில் எதையும் ஜெபக்கனியிடம் சொல்லவில்லை.
"ஒரு கால் போட்டுப் பாக்கட்டா?" என்றேன்.
சிம்மை மாற்றிக் கொடுத்தான்.
ஒரு கோடு தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.
"உள்ள அப்படித்தான் அண்ணாச்சி. வாசல்ல போய்ப் பேசுங்க."
செல்போன் கடைக்குள் செல்போன் பேசாது.
அவனுக்கே சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டான்.

வாசலில், பஸ் ஹாரன்களுக்கு நடுவே
பரமகுரு பக்கத்து நாற்காலியில் இருப்பதுபோல் கேட்டான்:
"எந்த ஃபீடர் வே? எவன் ஏறியிருக்கான்?"
"யாரும் ஏறலை. போன் பாக்கேன்."
"சவத்த, நெஞ்சு நின்னுட்டு."

திரும்பி வந்ததும் பையன் குரலை இறக்கினான்.
"எங்கம்மை ஊரு மாவடி. அங்க எந்தப் போனும் எடுக்காது.
நாப்பதாயிரம் போட்டாலும் டவர் அங்கனயேதான நிக்கி."
கல்லாவை ஒருதரம் பார்த்துக்கொண்டு:
"பட்டன் போன் கொஞ்சம் இழுக்கும்.
நான் சொன்னேன்னு சொல்லிராதிய."

ஆயிரத்து நானூறு.
பில் போடும்போது அவன் முகமும் முப்பதாம் தேதி.
"ஒரு பவுச்சாவது எடுத்துக்கிடுங்க."
எடுத்தேன். என் போன் மாதிரி மூன்று அதற்குள் படுக்கும்.
இப்போது ஃபியூஸ் கம்பி வைத்திருக்கிறேன்.

மறுநாள் பரமகுருவும் நானும் பேசி முடித்தோம்.
இனி இருக்கு கிடையாது, இல்ல கிடையாது.
லைன் ஓடினால் சுடலை.
நின்றிருந்தால் குளம் என்றுதான் முதலில் வைத்தோம்,
காற்றில் குவும் சுவும் ஒன்றுபோலக் கேட்டது.
வாழை என்று மாற்றினோம்.
மூன்று தடவை அவன் சொல்ல வேண்டும்,
மூன்றும் காதில் விழாமல் ஏறுவதில்லை.

அந்தத் தோப்புக்காரர் இப்போது சத்தம் போடுவதில்லை.
கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார்:
மழையில் ஒருத்தன்
சுற்றிலும் வாழையாகவே நிற்க
வாழையா, வாழையா என்று
போனில் கத்துவதை.