ஒன்பதாவது கேள்வி

மண்டபம் ஹாலில் பன்னிரண்டு நாள் பயிற்சி.
ஃபேன் சத்தத்துக்கு மேலே சார் சொன்னதில் ஞாபகம் இருப்பது இரண்டு:
"எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லாதே.
அழுதால் தண்ணீர் கொடு, அறிவுரை கொடுக்காதே.

பிறகு ஆளுக்கொரு அட்டை.
ஒன்பது கேள்வி.

பாசி எடுத்துவிட்டு நேரே பிலோமி வீடு,
விரல்களில் சுற்றிய துணியோடு,
ஈரச் சட்டையோடு.
படகு மட்டும் திரும்பிய வீடு அது.
இருபத்தெட்டு நாளுக்கு ஒருமுறை
அணைந்துகிடக்கும் அவன் நம்பருக்கு ரீசார்ஜ் போடுகிறாள்.
போடாதே என்று நான் சொல்லவில்லை.
நாக்கைக் கடித்துக்கொண்டேன், உண்மையில்.

தூக்கம்? இல்லை.
சாப்பாடு? பிள்ளைகள் மிச்சம் வைத்தால்.
மூன்று வாரமும் எட்டோடு எழுந்து வந்துவிட்டேன்.
ஒன்பதாவதைக் கேட்டால்
நானே அதை அவள் கையில் கொடுத்ததாகிவிடுமோ?
ஆகாது, கேள் என்றிருந்தார் சார்.

நேற்று கச்சான் மண்ணை அள்ளிக் கதவில் எறிந்தபடியிருக்க,
கேட்டேன்.
செத்துப்போயிரலாம்னு தோணுச்சா, பிலோமி?

என் கையை இழுத்து மடியில் வைத்தாள்.
சுண்டுவிரல் துணியை அவிழ்த்தாள்.
"ரெண்டு தடவ."
மோதிரவிரல். பார் கிழித்த காயம்.
"பாலத்துக்கு நடந்தேன். சின்னவன் பின்னாடியே வந்துட்டான்."
நடுவிரலில் உப்பேறி இறுகிய முடிச்சு.
பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

சாருக்குப் போன் போட்டேன்.
ராத்திரி அங்கேயே படுத்தேன்.
இன்று பாசிக்குப் போகவில்லை, முந்நூறு ரூபாய் போச்சு.
ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில்
ஜன்னலோரம் அவள், நடுவில் சின்னவன்.

என் ஆட்காட்டி விரலில்
துணி இன்னும் அப்படியே.