காந்தம், எந்த மாடி?

சிலிண்டர் போன மூன்றாம் நாள்
ரிச்சி தெருவில் நின்றேன்.
சங்கிலி போட்டுத்தான் வைத்திருந்தோம், வீட்டு வாசலில்.
சங்கிலியையும் சேர்த்துக் கொண்டுபோயிருந்தார்கள்.

"எத்தனை வோல்ட் பஸ்ஸர்க்கா?"
"கொருக்குப்பேட்டை முழுக்கக் கேக்கணும்."
கடைப் பையன் சிரிக்கவில்லை. தாளில் மடித்துத் தந்தான்:
மூன்று கால் வைத்த கறுப்புப் பொட்டு,
நகத்தளவு காந்தம்,
கண்ணாடிக் குழலுக்குள் ஒன்றையொன்று தொடாத இரண்டு தகடு,
ஒன்பது வோல்ட் பேட்டரி, அதற்கொரு தொப்பி.
"டிரான்சிஸ்டர் ரெண்டா வாங்கிக்கோக்கா,
மொதோ ஒண்ணு செத்துடும்."

செத்தது.
அதன் தட்டை முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று
தெரியாமல் திருப்பி வைத்திருந்தேன்.

ரெசிஸ்டர் மட்டும் சுலபம்.
பழுப்பு, கறுப்பு, மஞ்சள்: ஒரு லட்சம் ஓம்.
எம்.சி. ரோட்டில் பதினோரு வருஷம்
புடவைக் கரை விரித்துக் காட்டுகிறவளுக்கு
மூன்று கோடு படிப்பதா கஷ்டம்?
ஈயம் உருகுகையில் குங்கிலியம் போல ஒரு புகை.
ஜோஷிகா மூக்கைப் பொத்திக்கொண்டு
வீட்டுப்பாடம் எழுதினாள்.
என் கட்டைவிரலில் ஒரு கொப்புளம்.

விஷயம் இவ்வளவுதான்:
கதவு சாத்தியிருக்கும்வரை காந்தம் பக்கத்தில் இருக்கும்,
கண்ணாடிக்குள் தகடுகள் ஒட்டிக்கொள்ளும்,
மின்சாரம் அந்தக் குறுக்குச் சந்து வழியே
யாரையும் எழுப்பாமல் போய்விடும்.
கதவு திறந்தால் சந்து அடைபடும்.
போக இடமில்லாமல் அது
டிரான்சிஸ்டரின் நடுக்காலைத் தட்டும்.
பஸ்ஸர் கத்தும்.

மாட்டியது என் வீட்டுக் கதவில்.
மனசுக்குள் மாட்டியது எதிர்வீட்டில்.
தேசப்பன்.
ராத்திரி இரண்டு பத்துக்கு அவன் கதவு திறக்கும்.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கப் போகிறானாம்.
பாளம் பாளமாய்ச் சுமக்கிற தோளுக்கு
ஒரு சிலிண்டர் எம்மாத்திரம்?
பதினெட்டுப் படி.
படுத்தபடி எண்ணுவேன்,
ஏதாவது ஒரு படியில் கணக்கு இடறும் என்று.

மாட்டிய நான்காம் இரவு, மழை நசநசப்பு.
கண்டெய்னர் லாரி ஒன்று திரும்பியதில்
ஜன்னல், அலமாரி, டம்ளர் எல்லாம் நடுங்கின.
டேப் கைவிட்டது.
காந்தம் விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
அடுத்து வந்தது
மூன்று மாடிக்கும் கேட்டது.

நிறுத்த ஒரு சுவிட்ச் வைக்க வேண்டும் என்று
எனக்குத் தோன்றவே இல்லை.
பேட்டரித் தொப்பியை இழுக்கிறேன், வர மாட்டேன் என்கிறது.
குழந்தை வீறிடுகிறாள்.
கதவைத் திறந்தால்
தேசப்பன்.

கையில் ஐஸ் பாளம் இழுக்கிற கொக்கி.
முகம் எங்கள் பக்கம் இல்லை.
எங்கள் வாசலுக்கு முதுகைக் கொடுத்து
மாடிப்படியைப் பார்த்து நின்றிருந்தான்,
லுங்கியை ஒரு கையால் பிடித்தபடி,
மடித்துக் கட்டக்கூட நேரமில்லாமல்.

"எவன்கா அது? கீழ ஓடிட்டானா?"
"யாரும் இல்ல. காந்தம்."
"காந்தமா? அது எந்த மாடி?"

அந்தக் கூச்சலில் காந்தத்தைப் பற்றி
எதை விளக்க?
பெட்டியைக் காட்டினேன்.
கொக்கி நுனியால் தொப்பியை நெம்பினான்.
அமைதி, காதுக்குள் மட்டும் கொஞ்சம் மிச்சம்.
மேல் மாடியில் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
"நல்லாத்தான் கத்துது" என்றான்.
சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான்.
நான் நன்றி என்று ஏதோ சொல்ல வாயெடுத்தேன்,
அதற்குள் ஆறாவது படியில் இருந்தான்.

மறுநாள் இரண்டு பித்தளை ஸ்க்ரூ,
பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு சுவிட்ச்.
இப்போது லாரி போனாலும் காந்தம் அசைவதில்லை.

சிலிண்டரை எடுத்தது யார் என்று
இன்றைக்கும் தெரியாது.
இரண்டு பத்துக்கு எதிர்க்கதவு திறக்கிறது.
வேண்டாம் என்றாலும் எண்ணிக்கை ஓடுகிறது.
ஒன்பது, பத்து,
பன்னிரண்டு வரை போய்விட்டுத்
திரும்பிப் படுக்கிறேன்.