எதிர்மூலம்

நாற்பத்தொன்றாம் எண் குழியின் விளிம்பில்
பனி சொட்டிக்கொண்டிருந்தது.
க்ருஷ்னே மலையின் இந்தச் சரிவில்
வெள்ளீயம் தோண்டியவர்கள்
வாய்களை மூடாமல் போய்விட்டார்கள்.
போன அக்டோபரில் காளான் பறிக்க வந்த ஒருவரின் நாய்
இதற்குள் விழுந்தது.
அதனால் நாங்கள்.
நானும் ராடிமும், ஒரு பழைய ஜீப்,
'ஆழம்' என்று ஒரே ஒரு கட்டம் உள்ள படிவம்.

அளவுநாடா ஒட்டகாரின் வண்டியில் போயிருந்தது.
மத்தியானம்தான் வரும்.
கல்லைப் போடு என்றான் ராடிம்.

கிடந்ததில் ஒன்றை எடுத்தேன்.
கருங்கல், கைக்கு அடக்கம்,
ஒரு பக்கம் பாசி.
கையை விரித்தேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்றில் ராடிம் மூச்சை நிறுத்தினான்.
நான்கு என்று சொல்ல வாயெடுக்கையில்
டொக்.

கல் விழுந்த நேரம், சத்தம் ஏறிவந்த நேரம்,
இரண்டும் சேர்ந்து நாலு வினாடி.
பானட்டின்மேல் தாளை விரித்து
இருபடிச் சமன்பாடு போட்டேன்.
இருபடி என்றால் மூலம் இரண்டு.
ஒன்று, மூன்று புள்ளி ஏழு ஒன்பது வினாடி:
ஆழம் எழுபது மீட்டர், சொச்சம்.
மற்றது, கழித்தல் எழுபத்து மூன்று.

அடித்துவிடு என்றான்.
இருபது வருடமாக அடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.
அன்று பேனா உருண்டு சக்கரத்தடியில் போயிற்று.
அவன் குனிந்து தேடுகிற நேரத்தில்
முதல்முறையாக அந்த எண்ணைப் படித்தேன்.

அது சொன்னது:
நீ கை விரிப்பதற்கு எழுபத்து மூன்று வினாடி முன்னால்
இருபத்தாறு கிலோமீட்டர் கீழே
ஒரு கல் மேல்நோக்கிக் கிளம்பியது.
தன் சத்தத்தையே முந்திக்கொண்டு வந்தது.
வரவர வேகம் தளர்ந்து
உன் உள்ளங்கையில் துல்லியமாக நின்றது.
நீ அதைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டாய்.
பின்தங்கிய சத்தம்
நாலாம் வினாடியில் வந்து சேர்ந்தது.
நீ கேட்டது அதைத்தான்.

கல்லில் பாசி இருந்ததே என்றான் ராடிம்,
பேனாவைத் துடைத்து நீட்டியபடி.

இருந்தது.
எழுபது மீட்டருக்குக் கீழே வெறும் பாறை.
பாறைக்குள் எந்தக் கல்லும் பறக்காது.
சமன்பாட்டுக்குப் பாறை தெரியாது,
காற்று தெரியாது, நாய் தெரியாது.
ஈர்ப்பும் சத்தமும் நாலு வினாடியும்
எப்படியெல்லாம் ஒத்துப்போகலாம் என்று கேட்டேன்.
ஒத்துப்போகிற வழி அத்தனையையும் சொல்லிவிட்டது,
எனக்கு வேண்டியது எது என்று தெரியாமல்.
இரண்டும் மெய்யெண்கள்.
மெய் என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில்
எத்தனை தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் விளிம்பில் குவிந்திருந்த மற்ற கற்களைப் பார்த்தேன்.
ஒரு காலத்தில் இந்த மலையின் அடியில்
குழம்பாகக் கிடந்தவை,
ஆழத்தில் ஆறி இறுகி,
மேலே இருந்ததெல்லாம் கரையக் கரைய உயர்ந்தவை.
கடைசி எழுபது மீட்டரை
யாரோ கூடையில் சுமந்து ஏறியிருக்கிறார்கள்.
திசை சரி.
எழுபத்து மூன்று வினாடி என்றதுதான் பிசகு,
முப்பது கோடி ஆண்டு.

தற்செயல் என்றான் ராடிம்.
தற்செயல்தான். நானும் ஒத்துக்கொண்டேன்.
ஆனால் அவன் போய் பாசி படியாத கல் ஒன்றை எடுத்து
மோந்து பார்த்ததைக் கண்டேன்.

இரண்டு மணிக்கு நாடா வந்தது.
அறுபத்தாறு புள்ளி நாலு.
மிச்சம் நாலு மீட்டர் காற்றின் கணக்கில்,
அல்லது குளிரில் விறைத்த
என் கட்டைவிரலின் கணக்கில்.
கட்டத்தில் அதையே எழுதினேன்;
கான்கிரீட் லாரிக்காரருக்கு அது போதும்.
தாளில் இரண்டாம் மூலத்தின் மேல் கோடு போட்டேன்,
மெல்லிசாக,
அடியில் இருப்பதைப் படிக்க முடிகிற மாதிரி.

நாற்பத்திரண்டாம் குழிக்கு நாடா கையிலேயே இருந்தது.
இருந்தாலும் கல்லைப் போட்டோம்.