உள்ளங்கால் சாட்சி

கௌனாஸில் மார்ச் மாதத்து வெயில்
சன்னல் கண்ணாடியில் நனைந்த ஈயம்.
இந்தக் காற்று இழைச்சுருளுக்கு ஆகாது.
ஓர் இரவு மூடாமல் விட்டால் ஈரம் குடித்துவிடும்;
காலையில் முனை சூடேறியதும்
பொரியத் தொடங்கும்,
அச்சில் கொப்புளம் கொப்புளமாய் நம் சோம்பல் தெரியும்.

மூன்று சதவீதம் கரிக்குழாய் கலந்தால்
ரப்பர் ஊமை.
மூன்றரையிலும் ஊமை.
நான்கில் திடீரென்று
துகளுக்குத் துகள் கைநீட்டி
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
மின்சாரம் போய்விடுகிறது.
நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால்
பேராசிரியர் ஒரு வளைகோடு காட்டுவார்.
எனக்குத் தெரிந்தது
ஒரு சிட்டிகை.

முப்பது அடுக்கு, பதினான்கு மணி நேரம்.
கீழது ஆறிப்போனால் மேலது ஒட்டாது,
ஆறாவிட்டால் அமுங்கும்.
ஆறியும் ஆறாத அந்தக் கணத்தில்
அடுத்த கோட்டை இழுத்தாக வேண்டும்.
அப்படி இழுத்து இழுத்து
ரிம்கௌடாஸுக்கு ஒரு உள்ளங்கால் செய்தேன்,
ஷூவுக்குள் வைத்துக்கொள்ள,
பதினாறு இடங்களில் உணர்கிற ஒன்று.

முப்பது வருடம் டிராலிபஸ் கம்பிகளோடு இருந்தவர்.
சர்க்கரை நோய்
அவர் இடது பாதத்தை விட்டுவைத்து
பாதத்தின் செய்தியை மட்டும் எடுத்துப்போனது.
ஆணி ஏறியதை
மாலையில் சாக்ஸ் கழற்றும்போதுதான் அறிந்தார்.
"நடக்கலாம், தோண்டக் கூடாது"
என்றார் டாக்டர் மில்டா.
தலையாட்டினார். நான் பார்த்தேன், நன்றாகவே ஆட்டினார்.

ஒன்பதாம் புள்ளி
பாதத்தின் வளைவு.
நடக்கும்போது தரையைப் பட்டும் படாமல் கடக்கிற இடம்.
மே பதினொன்று, சனிக்கிழமை, காலை ஏழு இருபதிலிருந்து
அந்த ஒன்பது அலறியிருக்கிறது.
ஓர் அலறல். நான்கு நொடி. மறுபடி அலறல்.
நானூற்றுப் பன்னிரண்டு முறை.

என் அச்சைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன்.
அடுக்கு பிரிந்திருக்கும்,
அல்லது கம்பியைச் சரியாகப் பற்றவைக்கவில்லை.
'இரைச்சல்' என்று பெயரிட்டு
நீக்கப்போன விரல் நின்றது.
மேசைக்கடியில் என் காலையே கேட்டேன்:
வளைவால் எப்போது மிதிப்பாய்?

ஏணியில்.
நானூறு படிக்கு ஏணி ஏது?

மண்வாரி.
இரும்பின் தோளில் கால் வைத்து
முழு உடம்பையும் இறக்குகிற மண்வாரி.

"உருளைக்கிழங்கா?" என்றேன் போனில்,
வணக்கம்கூடச் சொல்லாமல்.
மறுமுனையில் முதலில் ஒரு கோழி பேசியது.
பிறகு அவர்:
"செருப்புக்கு வாய் வைத்தது நீங்கள்தானே.
எத்தனை வரிசை என்றும் சொல்லிவிட்டதா?"

வியாழனன்று கொண்டுவந்தார்.
வளைவில் ஒரு விரிசல், நூல் பிடித்தாற்போல்,
நான் போட்ட இரண்டு கோடுகளுக்கு நடுவே.
எல்லாக் கோடுகளையும் நீளவாக்கில் ஓட்டியிருந்தேன்,
நடப்பவனை நினைத்து.
பாதத்துக்குக் குறுக்கே இரும்பு விளிம்பு பாயும் என்று
கணினியும் நினைக்கவில்லை.

இந்த முறை அந்த இடத்தில் மூலைவிட்டமாய் ஓட்டுகிறேன்,
அடுக்கு மாற்றி அடுக்கு, எதிரெதிர்ச் சாய்வில்.
அடியில் துண்டுக் கரியிழை கலந்த தகடு ஒன்று.
முனையிலிருந்து வழியும்போதே இழைகள்
ஓடுகிற நீரில் பாசிபோல்
போகும் திசையில் படுத்துக்கொள்கின்றன.
படுத்த திசையில்தான் பலம்.

டாக்டருக்கு அனுப்பிய அறிக்கையில்
ஒன்பதை மறைக்கவில்லை.
தேதி, நேரம், நானூற்றுப் பன்னிரண்டு.
காரணம் என்ற கட்டத்தில்
'தோட்டம்' என்று எழுதினேன்.
இரண்டு நாளாகப் பதில் இல்லை.

நூறாவது மிதியில் அவர் போன் நடுங்கும்படி
ஏற்பாடு செய்திருக்கிறேன்.
நிறுத்துவாரா, தெரியாது.
போனை வேலிக்கம்பத்தில் மாட்டிவிட்டும் போகலாம்.

பதினேழாம் அடுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.
வெளியே மழை.
மற்ற சுருளை மூடினேனா என்று
எழுந்துபோய்ப் பார்க்கிறேன்.