மூடி அம்மாவுக்கு

பிரிந்தபோது எல்லாவற்றையும் எண்ணித்தான் பிரித்தார்கள்.
பன்னிரண்டு தட்டுகள், நீலக் கரை, தங்க விளிம்பு,
செக் நாட்டுப் பீங்கான்,
துறைமுகத் தொழிலாளர்கள் சேர்ந்து போட்ட கல்யாணப் பரிசு.
ஆறு அவளுக்கு. ஆறு அவருக்கு.
சூப் கிண்ணம் ஒன்றே ஒன்று.
கிண்ணம் அப்பாவுக்கு
மூடி அம்மாவுக்கு என்று
நின்றபடியே முடிவானது.
பட்டியலில் அடுத்தது நான்.
அப்போது எனக்கு ஒன்பது வயது.

ரூசே நகரம். எதிர்க்கரை ருமேனியா.
ஒரே தெருவின் இரண்டு முனைகளில்
அதற்கப்புறம் இரண்டு சமையலறை.

அம்மாவின் கண்ணாடி அலமாரியில்
ஆறு தட்டும் ஒன்றன்மேல் ஒன்று,
நடுவில் மெல்லிய காகிதம்.
உச்சியில் அந்த மூடி,
தலை தொலைந்துபோன தொப்பி மாதிரி.
மாதம் ஒருமுறை எடுத்துத் துடைப்பாள்.
யாராவது வந்தால், இவர்களுக்கா, என்று
கண்ணாலேயே ஓர் அளவு எடுப்பாள்.
மருந்துக்கடை முதலாளி வந்தார். வெள்ளைத் தட்டு.
ஜெர்மனியிலிருந்து மாமா வந்தார். வெள்ளைத் தட்டு.
நான் பட்டம் வாங்கி வந்தேன்.
அன்று சாவி வரைக்கும் கை போனது.

அப்பா கிரேன் ஓட்டுகிறவர்.
இருபது டன்னை முட்டை மாதிரி இறக்கி வைக்கிற கை
வீட்டில் தட்டைத் தொட்டிக்குள் போடும் சத்தம்
மாடிப்படி வரை கேட்கும்.
பீன்ஸ் சூப், சுட்ட குடைமிளகாய்,
காலையில் ரொட்டியும் உப்புப் பாலாடைக்கட்டியும்,
எல்லாம் அந்தத் தங்க விளிம்புக்குள்தான்.
தங்கம் போனது. அப்புறம் விளிம்பே கொஞ்சம் கொஞ்சமாக.
ஆறில் நாலு மிஞ்சியது,
அதிலும் ஒன்று பசை போட்டு ஒட்டியது.
கிண்ணத்தில் சாவி, ரசீது, தீர்ந்த பேட்டரி,
காய்ந்துபோன ஓர் எலுமிச்சை.
எதுக்குப்பா தினமும் இதுலயே, என்று கேட்டேன்.
வேற தட்டு எனக்குக் கிடைக்கலையே, என்றார்.
பட்டியல்படி அது உண்மைதான்.

என் கல்யாணத்துக்கு மறுநாள் மதியம்
மேசைக்குப் பத்துப் பேர்.
ஆறும் நாலும்.
நான் கேட்கவில்லை. இரண்டு அட்டைப்பெட்டிகள்
தானாக வந்து சேர்ந்தன.
கிண்ணத்தைக் காமென் மூன்று தடவை கழுவினான்.
பதினெட்டு வருஷம் கழித்து மூடி அதன்மேல் உட்கார்ந்தது,
லேசாக ஆடியது.
முன்னாடியும் ஆடும், என்றாள் அம்மா.

நான் பார்த்து வைக்கவில்லை.
அப்பாவுக்குப் புதுத் தட்டு போயிருந்தது.
கத்தியைத் தொடவே இல்லை அவர்.
கோழியை முள்கரண்டியாலேயே பிய்த்து
தங்கத்தில் படாமல், நட்டநடுவில் வைத்து,
வாடகை வீட்டில் ஆணி அடிக்கிறவர் மாதிரி சாப்பிட்டார்.
அம்மா முன்னால் ஒட்டுப்போட்ட தட்டு.
நீலக் கரைக்கு உள்ளே கீறல் மேல் கீறல்,
ஓர் ஆள் தனியாக அறுத்துத் தின்ற
அத்தனை ராத்திரியும்.
ஒரு கோட்டைப் பிடித்து விரலால் போனாள்,
பசைத் தழும்பு வரை.
இது எப்ப உடைஞ்சுது, ஓக்னியான்?
உனக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு.
சூப் ஆறிக்கொண்டிருந்தது.
யாரோ உப்பு கேட்டார்கள்.

நான்தான் கழுவினேன்.
கைக்கு வந்ததைக் கைக்கு வந்த பெட்டியில் அடுக்கினேன்.
மறதி என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து, அம்மா வீட்டு அலமாரியில்
ஒட்டுப்போட்ட தட்டு மேலே இருந்தது,
காகிதம் சுற்றி, பூட்டி.
எனக்கு வெள்ளைத் தட்டில் கேக்.

அப்பா வீட்டில் புதுத் தட்டு ஒன்றை
அடுப்புக்கு மேலே சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.
மற்றவை தொட்டியில்.
வாணலியிலிருந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.
உக்காரு, என்றார்.

கிண்ணமும் மூடியும் என்னிடம் நின்றுவிட்டன.
சாவியை அதில்தான் போடுகிறோம்.
காமென் கதவைச் சாத்தும்போதெல்லாம்
மூடி ஆடுகிறது,
முன்னாடி ஆடிய மாதிரியே.