நாற்பத்தோராம் இலக்கத் தோட்டம்

சாவியோடு ஒரு தாளும் தந்தார்கள்.
கொட்டகை ஒன்று, மழைநீர்ப் பீப்பாய் ஒன்று,
பிளம்ஸ் மரம் ஒன்று,
பழைய உரக்குவியல் ஒன்று.
அள்ளிப்போக எண்பது பிராங்க் ஆகும் என்றார்
சங்கச் செயலாளர் ஈசெலி.
இருக்கட்டும் என்றேன்,
எண்பது பிராங்கை நினைத்துத்தான்.

முன்பலகையைக் கழற்றிய சனிக்கிழமை
பீல் நகரத்துக்கு மேலே
ஜூரா முகட்டில் பனி கரைந்திருக்கவில்லை.
முள்வாரியைக் குத்தினேன்.
மேலே புல், வெட்டிப் போட்டது போட்டபடியே.
ஒரு சுள்ளி கலக்காமல், ஒருமுறை கிளறாமல்,
வழுவழுத்து, கூமுட்டை நாற்றம்.
கடைசிக் கோடையில்
லூஷருக்குக் கை ஓய்ந்திருக்கிறது.

அவரை நான் பார்த்ததில்லை.

அதற்குக் கீழே தேநீர்ப் பைகள்.
இலை மண்ணாகி, வலை மட்டும் மிச்சம்.
அதற்கும் கீழே காப்பிச் சக்கை,
அடை அடையாக.
காப்பி நின்று தேநீர் தொடங்கிய இடத்தில்
ஒரு மருத்துவர் பேசியிருக்கிறார்.

ஒரு தேக்கரண்டி கிடைத்தது.
கழுவி வைத்துக்கொண்டேன்.
ஆப்பிளில் ஒட்டும் சின்ன வில்லைகள்,
நிறம்கூட மங்காமல்.
அக்ரூட் ஓடு. நத்தைக் கூடு.
பிறகு, துருவேறிய வட்டமாய்
மலர்வளையம் ஒன்றின் கம்பி.
கம்பிக்கு மேலே முட்டை ஓடுகள் கொஞ்சம்.
கீழே நிறைய.

முள்வாரியைச் சாய்த்துவிட்டு
பீப்பாய் விளிம்பில் சற்று உட்கார்ந்திருந்தேன்.

குப்பை உயரும் கோபுரம் தாழும் என்பார்கள்.
கோபுரத்தைப் பற்றித் தெரியாது;
குப்பையும் தாழத்தான் செய்கிறது.
இடுப்பளவு போட்டது
இரண்டு வருடத்தில் முழங்கால்.

அடிமட்டத்தில் எதையும் வாசிக்க முடியவில்லை.
கறுப்பு. புட்டு மாவுபோல் உதிர்ந்தது.
மழை விட்ட காட்டின் வாசம்.
அங்கே அவர்கள் இளமையாக இருந்திருக்கலாம்,
சண்டை போட்டிருக்கலாம்,
உருளைத் தோலை யார் கொண்டுபோய்க் கொட்டுவது என்று.

சல்லடையில் சலித்து
ஐந்து தள்ளுவண்டி.
அவரைக்கு இரண்டு, கத்தரிக்கு ஒன்று,
மிச்சம் வேலியோரம்.
ஜூன் மாதம் வேலியோரத்தில்
நான் போடாத பூசணி ஒன்று
இரண்டு விதையிலைகளை விரித்தது.
என்ன ரகம் என்று ஈசெலி கேட்டார்.
லூஷர் ரகம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை;
குனிந்து
கொடியை வேலிக்கு உள்ளே திருப்பிவிட்டார்.

இப்போது பெட்டியில் என் முறை.
வெங்காயச் சருகு, கறிவேப்பிலைக் காம்பு,
வீடு மாறிய அட்டைப்பெட்டிகள்,
பசைத்தாளை உரித்து, கிழித்து, நனைத்து.
சமைத்தது கூடாது என்பது சங்க விதி.
நேற்று இருட்டிய பிறகு
சாம்பாரில் சப்பிப் போட்டதை
புல்லுக்கு அடியில் புதைத்தேன்.

எனக்குப் பின் சாவி வாங்குகிறவர்
முருங்கைச் சக்கை ஒன்றை
முள்வாரி நுனியில் தூக்கிப் பிடித்து
இது எந்த மரத்து நார் என்று
ஈசெலியிடம் கேட்பார்.

பாவம், அவருக்கும் தெரியாது.